அதே செடி

"இந்தச் செடியில மருந்து இருக்குன்னு சொன்னீங்க டீச்சர். இருக்கா, இல்லையா?"

வெயிலுமுத்து வாசலில் நின்றபடியே கேட்டார். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு நித்தியகல்யாணிச் செடி. வேரில் செம்மண் ஒட்டியிருந்தது. தலையை மழித்திருந்தார்.

"இருக்கு அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

"அப்ப சீனித்தாய் ஏன் செத்தா?"

டீச்சர் எழுந்து நின்றார். சீனித்தாய் வெயிலுமுத்துவின் மனைவி. ஒரு மாதமாக வெளியூரில் இருந்துவிட்டு அன்று காலைதான் டீச்சர் ஊருக்கு வந்திருந்தார். சீனித்தாய் இறந்தது அவருக்குத் தெரியாது.

"எப்போ?"

"நேத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சது."

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"முதல்ல பதிலைச் சொல்லுங்க."

*

டீச்சரின் பெயர் அமலோற்பவம். கல்லூரியில் மருந்துச் செடிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர். அந்த வேலையை விட்டுவிட்டு இந்தச் செவக்காட்டு ஊருக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தேழு வயது. ஒரு தகரக் கொட்டகை போட்டார். அதன் முன்னால் நாற்றங்கால், பின்னால் சிறிய ஆய்வறை.

மழை ஏமாற்றுகிற செம்மண் பூமி அது. தப்பித் தவறி விளைகிற கம்பையும் காட்டுப்பன்றி தின்றுவிடும். வீட்டுக்கு இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

நித்தியகல்யாணி போடச் சொன்னார் டீச்சர். ஆடு கடிக்காது, பன்றி தொடாது, இரண்டு மாதம் மழை இல்லாவிட்டாலும் நிற்கும். இலையையும் வேரையும் மருந்துக் கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும்.

ஊரில் அந்தச் செடிக்கு வேறு பெயர். சுடுகாட்டு மல்லி.

முதல் கூட்டத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள். டீச்சர் ஒரு செடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"புற்றுநோய்க்கு உலகம் பூரா ஒரு ஊசி போடுறாங்க. அந்த மருந்து இந்த இலைக்குள்ள இருக்கு. நீங்க எல்லாரும் மனசு வச்சா, அது உங்க வயல்ல இருக்கும்."

நல்ல வாக்கியம்தான். போகிற ஊரிலெல்லாம் அதைச் சொல்வார்.

பதினாறு பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். டீச்சரைவிடப் பதினேழு வயது மூத்தவர்.

"எனக்குச் சொல்லிக் கொடுங்க," என்றார் வெயிலுமுத்து.

*

அவரைப் போல ஒரு மாணவர் டீச்சருக்குக் கல்லூரியில்கூடக் கிடைத்ததில்லை.

விதை கடுகைவிடச் சிறியது, மணல் கலந்து தூவுங்கள் என்றால் மணலைச் சலித்து எடுத்து வருவார். இலையை நிழலில் காயப் போடுங்கள் என்றால் வெயில் நகர நகரப் படுதாவை மாற்றிக் கட்டுவார்.

கேள்வி மட்டும் கேட்க மாட்டார்.

"ஏன் நிழல்ல காய வைக்கணும்னு கேக்க மாட்டீங்களா அண்ணாச்சி?"

"உங்களுக்குத் தெரியும்ல. அது போதும்."

அந்தப் பதில் டீச்சருக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் வருஷம் பதினோரு குடும்பங்கள் வந்தன. மூன்றாம் வருஷம் நாற்றுக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சுடுகாட்டு மல்லி என்ற பேச்சு குறைந்தது. டீச்சரின் வாக்கியம் ஊர் வாய்க்கு வந்துவிட்டது.

எல்லோரையும்விட அழகாக அதைச் சொன்னவள் சீனித்தாய். இலை பறிக்க வரும் பெண்கள் சுணங்கினால் சொல்வாள்.

"ஏனோதானோன்னு பறிக்காதீங்கடி. எங்கயோ ஒரு பிள்ளைக்கு இது ஊசியாப் போகுது."

*

போன ஆவணியில் சீனித்தாய்க்குக் கழுத்தில் கட்டி வந்தது. முதலில் ஒன்று. பிறகு காதுக்குக் கீழே இன்னொன்று. அக்குளில் ஒன்று.

மதுரை ஆஸ்பத்திரியில் சதையை எடுத்துப் பார்த்துவிட்டு, நெறிகட்டுகிற இடத்தில் வரும் புற்று என்றார்கள். மருந்து இருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும், ஆறு தடவை வர வேண்டும், விட்டுவிடக் கூடாது என்றார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வெயிலுமுத்து டீச்சருக்குப் போன் செய்தார். குரலில் கவலை தெரியவில்லை.

"டீச்சர், இவளுக்குப் போடப் போற மருந்துல ஒண்ணு நித்தியகல்யாணியிலருந்து எடுக்குறதாம். டாக்டரு சொல்றாரு."

"ஆமா அண்ணாச்சி."

"நம்ம செடியா?"

"நம்ம செடிதான்."

"அதேதானா?"

டீச்சர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஏற வேண்டிய பஸ் வந்துவிட்டது.

"அதேதான் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

*

இதற்குப் பிறகு நடந்ததை, அன்று அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, வெயிலுமுத்துவே சொன்னார். பிடுங்கி வந்த செடி அவர் காலடியில் கிடந்தது.

"முதல் ஊசியில கட்டி பாதியாக் குறைஞ்சது டீச்சர். ரெண்டாவதுல கழுத்துக் கட்டி தடவினாலும் தெரியல."

"நல்ல விஷயம்தானே அது."

"முடி கொட்டிருச்சு. அதைக்கூட அவ பெருசா எடுத்துக்கல. விரல் மரத்துப் போச்சு. ஒரு நாள் காலையில இலை பறிக்கணும்னு வயலுக்கு வந்தா. வேண்டாம்னேன், கேக்கல. ஒரு இலையைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. 'ஏங்க, நான் பிடிச்சிருக்கேனா இல்லையா, பார்த்துச் சொல்லுங்க'ன்னு கேட்டா."

வெயிலுமுத்து தன் விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்தார்.

"அன்னைக்குத்தான் சொன்னா. இனிமே மதுரைக்கு வரமாட்டேன்னு. 'நம்ம வயல்ல நிக்கிறதை யாரோ கொண்டு போயி ஊசியில அடைச்சு, அதை என் உடம்புல ஏத்தி, என் விரலை எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு இலையை நாமளே அரைச்சுக் குடிச்சிட்டுப் போலாமே'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டாக்டரு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு சொன்னேன். 'விடலையே, அதே மருந்துதானே'ன்னா. எனக்கும் சரின்னு பட்டுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணாச்சி."

வெயிலுமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டேனே டீச்சர்."

வெளியே நாற்றங்காலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"காலையில ஒரு டம்ளர்," என்று வெயிலுமுத்து தொடர்ந்தார். "நல்ல கொழுந்தாப் பார்த்து நான்தான் பறிச்சேன். நான்தான் அரைச்சேன். நாலாம் நாள்லருந்து வாந்தி. நோய் வெளியே வருதுன்னு நினைச்சோம். எட்டாம் நாள் எந்திரிச்சு நிக்க முடியல. தலை சுத்துதுன்னா. பதினொண்ணாம் நாளும் குடிச்சா. டம்ளரை அவ கையால பிடிக்க முடியல, நான் பிடிச்சுக்கிட்டேன்."

"பக்கத்து ஆஸ்பத்திரிக்கு?"

"தூக்கிட்டுப் போனேன். அங்க இருந்த டாக்டரு சின்ன வயசுப் பிள்ளை. என்ன குடுத்தீங்கன்னு கேட்டுச்சு. சொன்னேன். எத்தனை நாளான்னு கேட்டுச்சு. சொன்னேன். மதுரைக்கு ஏன் போகலன்னு கேட்டுச்சு. 'அதே மருந்துதானேம்மா'ன்னேன். அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வச்சிருச்சு. என்னைத் திட்டவாவது செஞ்சிருக்கலாம். திட்டல."

அவர் காலடியில் கிடந்த செடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அதான் கேக்குறேன். இதுல இருக்கா, இல்லையா?"

டீச்சர் அந்தச் செடியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார்.

"வீட்டுல காஞ்ச இலை எவ்வளவு இருக்கு?"

"எட்டு மூட்டை. அவ முடியாமப் போறதுக்கு முன்னாடி பறிச்சது."

"எல்லாத்தையும் கொண்டு வாங்க."

ஏன் என்று வெயிலுமுத்து கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவரை விட்டு இன்னும் போகவில்லை.

*

ஒன்பது நாள் வேலை.

எட்டு மூட்டை இலையையும் பொடித்தார்கள். கொட்டகை முழுக்கப் பச்சைத் தூசி. வெயிலுமுத்துவின் மழித்த தலையில் அது படிந்து, வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

பொடியைப் பீப்பாய்களில் புளிப்பேற்றிய தண்ணீரில் ஊறவைத்தார்கள். வடிகட்டினார்கள். சக்கையைக் கழிவுத் தொட்டியில் கொட்டினார்கள். வடித்ததில் வேறொரு திரவத்தைக் கலந்து குலுக்கி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தார்கள். அதைச் சுண்ட வைத்தார்கள். மறுபடியும் வடித்தார்கள்.

பேச்சு அதிகம் இல்லை.

"இதைக் கொட்டிரலாமா?"

"கொட்டிடுங்க."

"இதையும்?"

"அதையும்."

மூன்றாம் நாள் எட்டு மூட்டை நாலு பீப்பாய் ஆனது. ஐந்தாம் நாள் இரண்டு வாளி. ஏழாம் நாள் ஒரு பாட்டில். எட்டாம் நாள் பாட்டிலின் அடியில் பழுப்பாக ஒரு கசடு மட்டும் இருந்தது.

"இதுதானா?" என்றார் வெயிலுமுத்து.

"இன்னும் இல்ல."

ஒன்பதாம் நாள் டீச்சர் அந்தக் கசடில் கொஞ்சத்தைக் கரைத்து, வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் புள்ளியாக வைத்தார். தகட்டை, அடியில் கொஞ்சம் திரவம் ஊற்றிய ஒரு ஜாடிக்குள் நிறுத்தினார். புள்ளியில் கலந்திருந்தவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டே ஈரம் மெல்ல மேலே ஏறியது. அது காய்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு புற ஊதா விளக்கைப் போட்டார்.

தகட்டில் நிறங்கள் தெரிந்தன. நீலம், மஞ்சள், பழுப்பு, பச்சை. ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாதபடி.

வெயிலுமுத்து குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் என்ன?"

"எல்லாம் இந்த இலைக்குள்ள இருக்குறது. நூத்துக்கு மேல உண்டு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சரக்கு. ஒண்ணு ரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கும். ஒண்ணு ஈரலைக் கெடுக்கும். சிலது என்ன செய்யும்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது."

"அவளுக்குப் போட்ட மருந்து எது?"

"அது இதுல தெரியாது."

"ஏன்?"

டீச்சர் சொன்ன ஒன்றை அவர் 'ஏன்' என்று கேட்பது அதுதான் முதல் தடவை.

"அவ்வளவு கொஞ்சம். அரை டன் காஞ்ச இலையிலருந்து ஒரு கிராம் எடுக்குறதே பெரிய பாடு. நம்ம எட்டு மூட்டைக்குக் கால் கிராம் தேறாது. அதையும் என்னால இந்தக் கொட்டகையில பிரிச்சு எடுக்க முடியாது."

"ஒரு தடவை ஊசிக்கு எவ்வளவு?"

"நகக்கண்ணுல ஒட்டுற அளவு. அதுக்கு மேல போனா அதுவே கொன்னுடும். அதான் எடையைப் பார்த்து, ரத்தத்தைப் பார்த்து, அளந்து போடுறாங்க."

வெயிலுமுத்து தகட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கம்பெனியில அந்த ஒரு கிராமை எடுத்துட்டு, மிச்சத்தை என்ன செய்வாங்க?"

"எரிச்சிடுவாங்க."

"மண்ணுல கொட்ட மாட்டாங்களா?"

"கொட்டக் கூடாது."

"அதைத்தான் நான் டம்ளர்ல குடுத்தேன்."

டீச்சர் விளக்கை அணைத்தார். ஜன்னலைத் திறந்தார். பகல் வெளிச்சத்தில் அந்தத் தகடு வெறும் வெள்ளையாக இருந்தது.

*

கைகளைக் கழுவிக்கொண்டு இருவரும் கொட்டகைக்கு வெளியே வந்தார்கள். எதிரே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக நித்தியகல்யாணி பூத்துக் கிடந்தது.

"போன்ல நீங்க 'அதேதான்'னு சொன்னீங்க," என்றார் வெயிலுமுத்து.

"அதே செடின்னு சொன்னேன் அண்ணாச்சி."

"நான் அதே மருந்துன்னு எடுத்துக்கிட்டேன்."

"தெரியுது."

"இந்த அரை டன், ஒரு கிராம் எல்லாம் உங்களுக்கு எப்போ தெரியும்?"

"படிக்கிற காலத்துலயே."

"அப்போ அந்த முதல் கூட்டத்துல செடியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அன்னைக்கும் தெரியும்."

"தெரியும்."

"குடிச்சா ஆகாதுங்குறதும்?"

"தெரியும்."

"ஏன் சொல்லல டீச்சர்?"

சாலையில் ஒரு வண்டி போனது. டீச்சர் வேறு பதில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். ஒன்றிரண்டு கிடைக்கவும் செய்தன. கூட்டத்தில் நேரம் இல்லை என்று சொல்லலாம். யாரும் அரைத்துக் குடிப்பார்கள் என்று நினைக்கவில்லை என்று சொல்லலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

"விஷம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றார் கடைசியில், "நீங்களும் எந்திரிச்சுப் போயிருப்பீங்க."

வெயிலுமுத்து தலையை ஆட்டினார்.

"போயிருக்கலாம்," என்றார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

*

அதற்குப் பிறகு அவர் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

டீச்சர் மூன்று நாள் காத்திருந்தார். நாலாம் நாள் பக்கத்து வட்டாரத்தில் ஒரு கூட்டம் பேச வேண்டியிருந்தது. போனார். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செடியைக் கையில் எடுத்தார். வாய் வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கியது. பாதியில் நின்றது. தண்ணீர் குடித்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை வெயிலுமுத்துவின் வயலுக்கு வந்து, வண்டியைப் பாதையோரம் நிறுத்தினார்.

வெயிலுமுத்து வேர் தோண்டிக்கொண்டிருந்தார். செடிக்கு வயது ஒரு வருஷம் ஆகிவிட்டது. தோண்டாவிட்டால் வேர் முற்றி வீணாகும். தோண்டிவிட்டு என்ன போடுவது என்றால், இந்த மண்ணில் வேறு எதுவும் வராது. அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் டீச்சர்தான்.

வயலின் மேற்கு ஓரத்தில் முள் அடர்ந்த ஒரு உடைமரம். அதன் அடியில் சீனித்தாயைப் புதைத்திருந்தார்கள். நாய் தோண்டாமலிருக்க மேட்டின்மேல் உடைமுள்ளை வெட்டிப் போட்டிருந்தது.

டீச்சர் அங்கே போய் நின்றுவிட்டு வந்தார். பிறகு வரப்பில் கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்து, வெயிலுமுத்து தோண்டும் வரிசைக்கு அடுத்த வரிசையில் இறங்கினார்.

வெகுநேரம் இருவரும் தோண்டினார்கள்.

"இனிமே நான் என்ன சொல்லணும் அண்ணாச்சி?" என்று டீச்சர் கேட்டார். "இருக்குன்னு சொன்னா குடிக்கிறாங்க. இல்லைன்னு சொன்னா அது பொய். எல்லாத்தையும் சொன்னா எந்திரிச்சுப் போயிடுறாங்க, அப்புறம் திருப்பூர்தான். நான் என்ன சொல்ல?"

வெயிலுமுத்து ஒரு வேரைப் பிடுங்கி, மண்ணை உதறி, குவியலில் போட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

*

வெயில் ஏறிய நேரத்தில் வண்டிப்பாதை வழியாக ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"இது சீனித்தாய் அக்கா வயலுங்களா?"

வெயிலுமுத்து நிமிர்ந்தார்.

"ஆமா."

"அவங்களைப் பார்க்கணும். வீட்டுக்குப் போனேன், பூட்டியிருக்கு. வயல்ல இருப்பாங்கன்னு நினைச்சு, டீக்கடையில வயலுக்கு மட்டும் வழி கேட்டுக்கிட்டு வந்தேன்."

"நீங்க யாரும்மா?" என்றார் டீச்சர்.

"பேரு ராஜகனிங்க. அருப்புக்கோட்டைப் பக்கம். மதுரை ஆஸ்பத்திரியில எங்க அக்காவுக்கும் அவங்களுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ரெண்டு பேருக்கும் ஒரே நோவு. எங்க வயல்லயே இந்த மருந்து நிக்குதுன்னு சீனித்தாய் அக்கா பெருமையாச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஊரு பேரு சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அதை வச்சு விசாரிச்சுக்கிட்டு வந்தேன்."

அவள் வயலைச் சுற்றிப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இம்புட்டும் அந்தச் செடிதானா?"

வெயிலுமுத்து மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"மூணாவது ஊசிக்கு நாங்க போனப்ப சீனித்தாய் அக்கா வரல. நர்சம்மாகிட்ட கேட்டோம், தெரியலைன்னுட்டாங்க. நாலாவதுக்கும் அவங்க கட்டில்ல வேற யாரோ படுத்திருந்தாங்க. எங்க அக்காதான் சொல்லுச்சு. அவங்க இலையைக் குடிச்சே குணமாயிட்டாங்க போலடி, அதான் வரல, நமக்குத்தான் புத்தி இல்லைன்னு."

வெயிலுமுத்துவின் கையிலிருந்த மண்வெட்டி அசையாமல் நின்றது.

"எங்க ஊருல பள்ளிக்கூட வேலி ஓரமெல்லாம் இந்தச் செடிதான். பறிச்சு அரைச்சுக் குடிச்சுக்கிட்டிருக்கா எங்க அக்கா. ஊசிக்கு வரமாட்டேன்னுட்டா. நேத்திலருந்து வாந்தி நிக்கல. எனக்கு பயமா இருக்கு. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்குமான்னு சீனித்தாய் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாடின்னு அனுப்பினா."

"இங்க பாரும்மா," என்று டீச்சர் தொடங்கினார். "அந்த இலைக்குள்ள நூத்துக்கு மேற்பட்ட சரக்கு இருக்கு. ஊசியில போடுறது அதுல ஒண்ணே ஒண்ணு. மிச்சமெல்லாம்..."

ராஜகனி டீச்சரைப் பார்த்தாள். படித்தவர் பேசுவதைக் கேட்கிற மரியாதை அவள் முகத்தில் இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நூறு மருந்து இருக்குன்னு சொல்றீங்க," என்றாள்.

ராஜகனி மறுபடி வெயிலுமுத்து பக்கம் திரும்பினாள்.

"சீனித்தாய் அக்கா எங்க இருக்காங்கன்னு சொன்னீங்கன்னா, நானே போய்ப் பார்த்துக்குவேன். நான் சாயங்காலத்துக்குள்ள திரும்பணும்."

வெயிலுமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"வாம்மா," என்றார்.

வரப்பில் அவர் முன்னே நடந்தார். ராஜகனி பின்னால் வந்தாள். உடைமரத்துக்குப் பத்தடி தூரத்தில் அவள் நடை குறைந்தது. மேட்டையும், அதன்மேல் கிடந்த முள்ளையும், அவருடைய மழித்த தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கா," என்றார் வெயிலுமுத்து.

ராஜகனியின் தோளிலிருந்து பை நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை.

"எத்தனை நாள் குடிச்சாங்க?"

"பதினோரு நாள்."

"எங்க அக்காவுக்கு," என்றாள் ராஜகனி, "இன்னையோட ஒன்பது."

டீச்சர் அதற்குள் தன் வண்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.